பந்து வராத பக்கம் ஓடிய ஜாக்சனுக்கு

பண்பில் உயர்ந்தவரே! பணிவில் பழுத்தவரே! பத்தாண்டுக்கும் மேலாகப் பச்சைப் புல்தரையில் பாடுபட்டு, பாராட்டு ஒன்றும் கேளாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் எங்கள் பாசத்துக்குரிய சகோதரர் ஜாக்சன் ஏசுராஜ் அவர்களே! பிளானோ தமிழ்ச் சபைக் குடும்பத்தார் எல்லாரும் எழுந்து நின்று சொல்லும் அன்பின் ஸ்தோத்திரங்கள்!

இப்படியே கடைசி வரி வரை அவரை விளித்து எழுதத்தான் நினைத்தோம். ஆனால் முகத்துக்கு நேரே யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னால், பந்தியில் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று எழுந்து போய்விடுகிற மனிதர் அவர். போன அசன விருந்தில் அப்படித்தான் நடந்தது. ஆகையால் இந்த மடல் அவரைப் பார்த்துப் பேசாது. அவரைப் பற்றி அவையோரிடம் பேசும். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே அவர் மனைவி பிரீத்தா இருக்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் தகப்பனார் ஏசுராஜ் ஐயாவிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இதை எழுதினோம். "உள்ளத உள்ளபடி எழுதுங்க, எனக்காக எதையும் குறைக்க வேண்டாம்" என்பது அவர் வாக்கு.

ஜாக்சன் தொழில்முறை ஃபுட்பால் ஆட்டக்காரர். காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். அதில் அவர் ரிசீவர். பந்தை எறிகிறவர் எறிவார், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார் என்று எல்லாரும் நினைக்கிறோம். பிடிக்கிற ரிசீவர்களின் பெயர்தான் பத்திரிகையில் வரும். அணிக்கு இரண்டு மூன்று பேர் அப்படி. மற்றவர்கள் ஓடுவார்கள், பந்து அவர்கள் பக்கம் வராது. ஜாக்சன் அந்த மற்றவர்களில் ஒருவர்.

சாயர்புரத்திலிருந்து வேதியியல் படித்து நியூஜெர்சிக்கு வந்தவர் ஏசுராஜ் ஐயா. பிரிட்ஜ்வாட்டரில் வீடு. அந்த வீட்டில் ஞாயிறு என்றால் ஞாயிறுதான். சனிக்கிழமையே ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டு வரிசையாக வைத்துவிடுவார்கள். ஞானமணி அம்மா ஆட்டுக்கறிக் குழம்பை முந்தின நாளே வைத்து இறக்கிவிடுவார். ஆண்டவருடைய நாளில் கடைக்குப் போவதில்லை, செய்தித்தாள் பிரிப்பதில்லை, டிவி போடுவதில்லை. ஜாக்சன் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலைகளிலும் கல்லூரியில் சனிக்கிழமைகளிலும் ஆடியபோது ஐயா போய்ப் பார்த்திருக்கிறார். அது படிப்போடு சேர்ந்த விளையாட்டு. ஆனால் 1990இல், வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அரங்கில் ஆடும் அணி ஜாக்சனை எடுத்துக்கொண்டபோது, அது சம்பளத்துக்கு ஞாயிறு தோறும் செய்கிற வேலையாயிற்று.

"ஏல, வாரத்துல ஆறு நாள் கெடக்கு. அவனுகளுக்கு ஞாயித்துக்கிழமதான் கெடச்சுதா?" என்றார் ஐயா.

"அப்பா, தட்ஸ் வென் தே ப்ளே. நான் என்ன பண்றது?"

"போகாதன்னு சொல்லல. நீ பெரியவன். ஆனா நான் வரமாட்டேன். அவ்வளவுதான்."

அதில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் ஜாக்சனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபக்காரரோடு சண்டை போடலாம், சமாதானமாகலாம். ஐயாவோ திங்கட்கிழமை காலை தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவார். "அடி ஒண்ணும் படலியே? சாப்பிட்டியா?" என்று கேட்பார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஞாயிறு மதியம் ஞானமணி அம்மா மட்டும் சமையலறையில் ரேடியோவை முணுமுணுப்பாக வைத்துக் கேட்பதுண்டு என்றும், ஐயா அந்த நேரத்தில் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார் என்றும் பிற்பாடு தெரிந்தது. டேப்பில் பதிந்து வைக்கிறேன், திங்களன்று பாருங்கள் என்று ஜாக்சன் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். ஞாயிறு நடந்ததைத் திங்களன்று பார்ப்பதும் ஒன்றுதான் என்றுவிட்டார் ஐயா.

ஜாக்சன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. பேரோ பெரிய வீடோ அல்ல. தான் செய்வது பாவம் அல்ல, வேலை. அதை ஒழுங்காகச் செய்கிறேன் என்று அப்பா ஒருநாள் வந்து தன் கண்ணால் காண வேண்டும். அவ்வளவே.

அதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஆகஸ்ட் மாத ஒத்திகை ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். அவற்றில் ஜாக்சன் நிறையவே ஆடினார், பந்தும் பிடித்தார். முதல் வருடம் ஐயாவே, "சனிக்கிழமைதானே, வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்ப்பா. அது கவுண்ட் ஆகாது. வந்தா ரியல் கேமுக்கு வாங்க" என்றார் ஜாக்சன்.

இருபத்து மூன்று வயதில் சொன்ன வார்த்தை. அடுத்த வருடம் ஐயா கேட்கவில்லை. கேட்க மாட்டாரா என்று ஜாக்சன் ஒவ்வொரு ஆகஸ்டிலும் காத்திருந்தார். தானாக அழைக்க வாய் வரவில்லை. எத்தனை சனிக்கிழமைகள் அப்படிப் போயின!

நியூஜெர்சியில் இரண்டு முறை விலக்கிவிட்டு இரண்டு முறையும் திரும்ப அழைத்தார்கள். மூன்றாம் முறை அழைக்கவில்லை. பிறகு கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதிக்குப் போனார். அங்கே சான் ரமோனின் அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த பிரீத்தாவைத் தமிழ்ச் சபையில் சந்தித்து மணந்தார்; மகளும் பிறந்தாள். திங்கட்கிழமை இரவில் ஆட்டம் ஒன்று வந்தது. ஐயா விமான டிக்கெட்டே எடுத்துவிட்டார். அன்று காலை, ஆடுவோர் வரிசையில் ஜாக்சன் பெயர் இல்லை. ஐயா பேத்தியைப் பார்க்க வந்ததாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்.

அணியில் ஒருவரை விலக்கும் முறை இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். காலையில் அலுவலக ஆள் ஒருவர் வந்து, "கோச் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா" என்பார். அணியின் உத்திகளெல்லாம் இருக்கும் புத்தகம் அது. புத்தகத்தைக் கேட்டுவிட்டால் முடிந்தது. அரை மணியில் அலமாரியின் மேல் ஒட்டிய பெயரைக் கிழித்துவிடுவார்கள். கூட ஆடியவர்கள் அந்த மனிதனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஈவிரக்கம் இல்லாமல் அல்ல; அந்தக் கெட்ட நேரம் தங்கள் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். ஜாக்சன் மட்டும் போய் அவன் பையைத் தூக்கிக்கொள்வார். தன் காரில் ஏற்றி விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவார். வழியில் ஆறுதல் எதுவும் சொல்வதில்லையாம். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இல்லை என்றால் எங்காவது நிறுத்தி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். தம் இடத்துக்குப் போட்டியாக வந்தவர்களையும் இப்படித்தான் கொண்டுபோய் விட்டார். சுருக்கமாகச் சொன்னால், இந்தத் தேசத்தின் மூன்று மூலைகளிலும் விமான நிலையத்துக்குக் குறுக்கு வழி தெரிந்த ரிசீவர் இவர் ஒருவர்தான்!

டெக்சாஸ் அணிக்கு வந்தது 1998இல். அந்த வருடமே நம் சபைக்கும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர முடியாதவர் என்று சிலர் முதலில் தயங்கியதுண்டு. ஆனால் புதன்கிழமை வேதபாடத்துக்கு நாற்காலி போடுவதும், சுகமில்லாதவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், அசனத்தின் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பதும் யார் என்று பார்த்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிப்போனது. மளிகைக் கடை இனாயத்துல்லா பாய் இதோ பின்வரிசையில் இருக்கிறார். திங்கட்கிழமை தோறும் அவர் கேலி செய்யாமல் ஜாக்சனுக்குக் கொத்தமல்லி கொடுத்ததில்லை.

"என்ன ஜாக்சன், நேத்து ஃபுல்லா டிவி பாத்தேன். ஒங்களக் காணோமே. பால் இந்தப் பக்கம்னா நீங்க அந்தப் பக்கம் ஓடுறீங்க. அட்ரஸ் தெரியாம ஓடுறீங்களா?"

"அதான் பாய் என் ஜாப்."

"நல்ல ஜாப்! ஓடுறதுக்குச் சம்பளம். நம்ம கடைக்கு வாங்க, சாயந்தரம் ட்ராலி எடுத்து அடுக்க ஓடலாம்."

ஜாக்சன் சிரித்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் கிடந்த ட்ராலிகளை உண்மையாகவே தள்ளிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார்.

டெக்சாஸில் ஒரு நல்ல காரியம் உண்டு. நன்றி கூறும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை இந்த ஊர் அணி சொந்த அரங்கில் ஆடும். முதல் இரண்டு வருடமும் அந்த நாளில் ஜாக்சனுக்குக் காயம். போன வருடம், இரண்டாயிரத்தில், உடம்பு சரியாக இருந்தது. ஆடுவோர் வரிசையில் பெயரும் இருந்தது. ஐயாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அந்தப் பண்டிகையின் வான்கோழி விருந்தை நம்பாத ஞானமணி அம்மா பிரியாணிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வீட்டிலேயே டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஐயா ஆராதனைக்குப் போவதுபோல் கோட்டும் டையும் அணிந்து பிரீத்தாவோடு அரங்குக்குப் போனார்.

ஆட்டத்தின் கடைசியான நாலாம் பகுதி வரை ஜாக்சன் வெளியேதான் நின்றார். பிறகு ஒருவருக்குக் கால் பிடித்துக்கொள்ள, ஜாக்சனை உள்ளே அனுப்பினார்கள். "மாமா, அதோ! அவர் போறார்!" என்றார் பிரீத்தா. ஐயா பார்த்தார். மகனுக்கு எதிரே மலைபோல நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். உடனே கண்களை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டார்.

ஐயாவின் ஜெபத்தைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அது சிருஷ்டிப்பில் தொடங்கும். மிஷனெரிமார், தேசத் தலைவர்கள், நோயாளிகள், பிரயாணத்தில் இருப்போர் எல்லாரையும் சுற்றிக்கொண்டுதான் சொந்த மகனிடம் வரும். 'ஆமென்' வராமல் கண் திறக்காது. சபையில் அப்படி வளர்ந்தவர், அரங்கிலும் அப்படியே.

"மாமா! கண்ணத் தொறங்க! பால் அவர்கிட்ட போகுது! மாமா, ப்ளீஸ்!"

ஐயா கண்ணைத் திறக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறு என்று காட்டினார்.

பந்து உயரத்தில் வந்தது. ஜாக்சன் இரண்டு பேருக்கு நடுவே எழும்பி, விரல் நுனிகளால் பிடித்து, முதுகு தரையில் அறைய விழுந்தார். பந்தை விடவில்லை. அரங்கம் எழுந்து கத்தியது. ஜாக்சன் எழுந்து, அப்பா இருக்கும் பக்கம் திரும்பி, பந்தைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டார்.

"ஆமென்" என்றார் ஐயா. "என்னம்மா, ஏன் எல்லாரும் எந்திரிச்சு நிக்காங்க?"

ஆட்டம் முடிந்து, ஈரத் தலையோடு ஓடி வந்தார் ஜாக்சன். "அப்பா, பாத்தீங்களா?"

பிரீத்தா தரையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்குப் போதும். அப்படிச் சொல்லத் தெரியாத மனிதர் ஐயா.

"பாக்கலப்பா. ஜெபத்துல இருந்தேன்."

ஜாக்சன் தோள்பையைக் கீழே வைத்தார். பிறகு, "என்ன ஜெபம் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"நீ கீழ விழக்கூடாதுன்னு."

"விழாம அதப் பிடிக்க முடியாதுப்பா" என்று சிரித்தார். பிறகு அப்பாவுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் பிரீத்தா டேப்பைப் போட்டுக் காட்டினார். வியாழக்கிழமை ஆட்டம், பார்ப்பதில் தடையில்லை. ஐயா இரண்டு தடவை பார்த்தார். "இது டிவிக்காரன் பாத்தது பிரீத்தா. நான் பாத்தது இல்ல" என்று எழுந்துவிட்டார். ஊர் திரும்பியும் அது அவரை விடவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார்.

"ஏல ஜாக்சா, வாற ஞாயித்துக்கிழம அங்கதான ஆட்டம்? வாரேன்."

"அப்பா... சண்டேப்பா."

"தெரியும். எம்பிள்ள வேலை செய்யுத எடத்துக்கு நான் ஒரு தடவ வாறது தப்புன்னா, அத நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிடுதேன்."

அன்றிரவு ஜாக்சன் முழங்காலில் நின்றதைப் பிரீத்தா பார்த்தார். மறுநாள், செவ்வாய் காலை, அலுவலக ஆள் வந்து ஆட்டப் புத்தகத்தைக் கேட்டார்.

அப்பாவுக்கு உடனே சொல்லியிருக்கலாம். செவ்வாய் அனுப்பிவிட்டு வெள்ளி திரும்ப அழைத்ததும் பத்து வருடத்தில் நடந்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளியும் போனது. சனிக்கிழமை விமான நிலையத்துக்குப் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு, டோல்வே நெடுஞ்சாலையில் பாதி வழி வந்த பிறகுதான் வாய் திறந்தது.

"அப்பா, என்னை கட் பண்ணிட்டாங்க. நாளைக்கு நான் ஆடமாட்டேன். முன்னாடியே சொல்லிருக்கணும். சாரிப்பா."

எத்தனையோ பேரை இதே காரில் இதே பாதையில் கொண்டுபோய் விட்ட மகன், இப்போது எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார் ஐயா.

"இல்லப்பா."

"எங்கயாவது நிறுத்து. டிக்கெட் இன்னும் இருக்குல்லா? நாளைக்குப் போவோம்."

"நான்தான் இல்லையே, எதுக்குப்பா?"

"வாரேன்னு சொல்லிட்டேன். நீ என்ன வேலை செஞ்சன்னு எனக்குச் சொல்லிக்குடு."

ஞாயிறு அதிகாலை ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டு, அப்பாவும் மகனும் அரங்கின் மேல்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். ஜாக்சனின் இடத்தில் வென்டெல் என்ற இளைஞரை இறக்கியிருந்தார்கள். "பந்தப் பாக்காதீங்கப்பா. சட்டையில நம்பர் எய்ட்டி டூ, அவன மட்டும் பாருங்க. அதான் என் இடம்" என்றார் ஜாக்சன்.

பல்லாயிரம் பேர் பந்தைப் பார்த்த அந்த அரங்கில், பந்து இல்லாத ஒருவரையே ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். இம்முறை கண்களை மூடவே இல்லை.

"இவன் சும்மா ஓடிட்டு வாறானே?"

"சும்மா இல்லப்பா. பால் தனக்குத்தான் வருதுன்னு நம்ப வைக்கணும். ரெண்டு பேர் அவன் பின்னாடி போயிடுவாங்க. அந்த கேப்புல இன்னொருத்தன் பிடிப்பான்."

"இப்போ என்ன, போய் முட்டுதான்?"

"பாலோட ஓடுறவனுக்கு வழி விடறதுக்கு."

வென்டெல் தம்மைவிடப் பெரிய ஆள்மேல் மோதி உருண்டார். அந்த இடைவெளியில் பந்துக்காரர் பாய்ந்து போனார். கூட்டமெல்லாம் அவர் பின்னால் திரும்பி ஆர்ப்பரித்தது. இங்கே வென்டெல் ஒரு கையை ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"இவனுக்கு யாரும் கை தட்டலியே."

"பால் அந்தப் பக்கம் போச்சேப்பா."

ஐயா மகனைத் திரும்பிப் பார்த்தார். "இத்தன வருசமா இதத்தான் செஞ்சியா?"

"ஆமாப்பா."

சிறிது நேரம் கழித்து ஐயா கேட்டார்: "அந்தப் பையனோட அப்பா வந்திருக்காரா?"

"தெரியலப்பா. தூர ஊர்க்காரன். வந்திருக்கமாட்டார்."

ஐயா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஆட்டம் வேறு எங்கோ நடந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் கீழே நொண்டிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்புகிற வென்டெலைப் பார்த்து, உரக்க, நிறுத்தாமல் கை தட்டினார். முன்வரிசைக்காரர்கள் எதற்கென்று புரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தக் கைதட்டல் வென்டெலுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டது. அவர் முழங்கால்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

அதன் பிறகு எந்த அணியும் அழைக்கவில்லை. இந்த வசந்தத்தில் ஜாக்சன் ஓய்வை அறிவித்தார்; பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. கோடையில் பிரிட்ஜ்வாட்டர் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு உடற்பயிற்சி ஆசிரியராகப் போகிறார். காலம் தாழ்ந்துதான் கிடைத்தது, பாதிதான் கிடைத்தது என்ற வருத்தம் அவருக்கும் உண்டு, ஐயாவுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. அதை மறைத்து அலங்கார வார்த்தைகளால் மூடி இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை.

அன்புள்ள ஜாக்சன்! இப்போது உம்மைப் பார்த்தே சொல்கிறோம், தப்பி ஓட வேண்டாம். உமது முழங்கால்களின் வலியைக் கர்த்தர் குறைப்பாராக. உமது பெற்றோரின் மேசையில் ஞாயிறு தோறும் உமது நாற்காலி நிரம்பியிருப்பதாக. நீரும் பிரீத்தாவும் பிள்ளையும் நரைத்த தலைகளோடும் நிறைந்த மனதோடும் நெடுநாள் சுகமாய் வாழ்வீர்களாக. போகிற ஊரிலும், பையோடு தனியே நிற்கும் யாரையாவது கண்டால், சாப்பிட்டாயா என்று கேட்பீர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

பிரிய மனமின்றி வழியனுப்பும்,
பிளானோ தமிழ்ச் சபைக் குடும்பத்தார்,
மளிகைக் கடை இனாயத்துல்லா உட்பட.

பிளானோ, டெக்சாஸ்
ஜூன் 2001, ஒரு சனிக்கிழமை